கெண்டை ஒன்றோ, பலவோ?

உயிர்களை வகுத்துக் காணும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக அவற்றை நிரல்படுத்திய தொல்காப்பிய மரபியலே இதற்குச் சான்றாகும். ஆயினும், மகளிர் கண்ணுக்கு உவமையாகப் புலவர் பலகாலும் எடுத்தாண்ட கெண்டையைப் பேச்சு வழக்கு நுணுகிப் பிரிப்பதில்லை. மாரியில் நிரம்பும் யாழ்ப்பாணக் குளங்களிலே வெள்ளிபோல மின்னித் துள்ளும் சிறு செதில்மீன் பலவும் நமக்குக் கெண்டைகளே. விலங்கியலார்க்கோ அவை பல சாதிகள். அப்பாகுபாடு எவ்வாறு எழுந்தது, அதனால் வரும் பயன் யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

கெண்டைகள் சிப்பிரினிடே என்னும் பெருங் குடும்பத்தைச் சார்ந்தவை. இக்குடும்பத்து மீன்களுக்குத் தாடையிற் பற்கள் இல்லை. தொண்டையிலுள்ள பற்களாலேயே இரையை அரைக்கின்றன. காற்றுப்பையையும் உட்செவியையும் சிற்றென்புகளின் தொடரொன்று இணைப்பதால் நீரில் எழும் ஒலியை இவை நன்குணரும்.

1758ஆம் ஆண்டில் லின்னேயசு இக்குடும்பத்து மீன்களைச் சிப்பிரினஸ் என்னும் ஒரே சாதியில் அடக்கினார். கங்கையாற்று மீன்களை ஆராய்ந்த மருத்துவர் பிரான்சிஸ் ஹமில்டன் 1822இல் வெளியிட்ட நூலிலே, சிறு கெண்டைகளுக்குப் புண்டியஸ் என்று பெயரிட்டார். அது வங்காள மக்கள் அம்மீன்களை அழைக்கும் பெயரிலிருந்து பிறந்தது. பின்னர், 1875 முதல் 1878 வரை வெளிவந்த 'இந்திய மீன்கள்' என்னும் நூலில் பிரான்சிஸ் டே இவற்றை ஐரோப்பியச் சாதியாகிய பார்பஸில் அடக்கி, மீசையின் தொகையைக் கொண்டு மூன்று உட்பிரிவாக்கினார்: நான்கு மீசையுடையன ஒன்று, இரண்டுடையன ஒன்று, மீசையற்றன ஒன்று.

இப்பாகுபாடு கற்பதற்கு எளிது. ஆயின் இயற்கையோடு பொருந்துவதன்று. மீசை இருத்தலும் இன்மையும் உறவுக்கு உறுதியான சான்றாகா. நெருங்கிய உறவினங்களில் ஒன்று மீசையோடும் மற்றது மீசையின்றியும் இருத்தல் கூடும். ஐரோப்பியப் பார்பஸ் மீனின் உயிர்க்கலத்தில் 100 நிறமூர்த்தங்கள் உள. நம் நாட்டுச் சிறு கெண்டைகளிலோ 50 மாத்திரமே. ஆகவே நம் மீன்கள் மீண்டும் புண்டியஸ் என்னும் பெயரைப் பெற்றன. எனினும் அப்பெயரும் காலப்போக்கில், வேறிடம் அறியாத இனங்களையெல்லாம் இட்டுவைக்கும் பத்தாயமாயிற்று.

2012ஆம் ஆண்டில் இலங்கையறிஞராகிய றோகான் பெத்தியாகொட, மதவ மீகஸ்கும்புர, கலன மதுவகே ஆகியோர் தென்னாசியக் கெண்டைகளை மீளாய்ந்து பல சாதிகளாக வகுத்தனர். மீசையோடு முதுகுச் செட்டையின் கிளைக்காத கடைசிக் கதிர், என்பமைப்பு, உடற்புள்ளி ஆகியவற்றையும் அவர்கள் நோக்கினர். அக்கதிர் வாட்பல் போன்று அரம்பமாகி, மேலும் கீழுமாய் இரு சோடி மீசையுமிருந்தால் சிஸ்டோமஸ். அரம்பமிருந்து, மீசையில்லாமலோ மிகச் சிறிதாயோ இருந்தால் பெதியா. கதிர் மழமழப்பாய், வாலடியில் பெருங் கரும்புள்ளி கொண்டது டோக்கின்சியா. கதிர் மழமழப்பான சிற்றினங்களே இன்று புண்டியஸ் எனப்படுவன.

இப்பெயர்களும் சுவையானவை. பெதியா என்பது சிங்கள மக்கள் சிறு கெண்டைகளை அழைக்கும் பெயர். டோக்கின்சியா உயிரியலறிஞர் றிச்சட் டோக்கின்ஸ் நினைவாக அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை மீன்கள் சிலவற்றுக்குத் 'திராவிடியா' என்னும் பெயர் சூட்டப்பட்டது. ஆயின் அப்பெயர் முன்னரே ஓர் ஈச்சாதிக்கு வழங்கிவிட்டது. விலங்குலகில் ஒரு பெயரை இரு சாதிக்கு இடலாகாது, முந்தியதே நிலைக்கும். ஆகவே 2013இல் அது நீங்கி, ஹமில்டனின் நூலுக்கு ஓவியந் தீட்டிய ஹலுதர் என்னும் வங்காள இளைஞர் நினைவாக 'ஹலுதாரியா' என்பது வந்தது.

இனி, இலங்கைக்கு இவ்வாராய்ச்சி உணர்த்துவது யாதெனக் காண்போம். கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் 100 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்திருந்தமையால், ஆழங் குறைந்த பாக்கு நீரிணை அன்று தரையாயிருந்தது. நன்னீர் மீன் உவர்நீர் கடந்து வரமாட்டாது; ஆதலின் இரு கரையிலும் உள்ள கெண்டைகள் பழைய நிலத்தொடர்பின் சாட்சிகளாம். இதனாற்போலும் முன்னையோர் பலர் இலங்கை மீன்களை இந்திய இனங்களாகவே கொண்டனர். உண்மை வேறு. இந்தியாவின் பிலமென்டோசா எனப்பட்ட நம் மீன் சிங்கள என்னும் தனியினம். திக்டோ எனப்பட்டது மெலனோமகுலேட்டா என்னும் தனியினம். அதனை 1956இல் தெரணியகல திக்டோவின் உள்ளினமாகவே விவரித்திருந்தார்.

இராவணேசுவரன் கதையோடு சேர்த்துப் பேசப்படும் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்று மீனின் வரலாறும் இத்தகையதே. 1844இல் பிரெஞ்சு அறிஞர் வலென்சியேன் அதற்குத் 'தெர்மாலிஸ்' என்று பெயரிட்டார். நெடுங்காலம் இலங்கையில் இம்மீனைக் கங்கைநாட்டுச் 'சோலா'வாகவே கருதினர். பின்னரே பழம்பெயர் மீண்டது.

பெயர் மாறினால் மீன் மாறுமோ என்று கேட்பாருளர். மீன் மாறாது, அதன் விதி மாறும். இந்தியாவெங்கும் பரந்த இனமெனக் கொண்டால், இங்குள்ளது அழிந்தாலும் அங்குண்டு என்று அமைந்துவிடுவோம். இங்கன்றி வேறெங்கும் இல்லாதது என்று தெளிந்தால், இங்கழிவதே உலகில் அழிவதாகும். 1991இல் விவரிக்கப்பட்ட பண்டுலக் கெண்டை, அப்போது கேகாலை மாவட்டத்து ஒரே ஓர் ஓடையில் மாத்திரமே அறியப்பட்டிருந்தது. தனியினமென்று உணர்ந்தமையாலேயே அதனைக் காக்க வேண்டுமென்னும் எண்ணமும் பிறந்தது.

நிலையான ஆறில்லாத நம் குடாநாட்டில் இம்மீன்களுக்குப் புகலிடம் குளங்களும் கேணிகளும் மாரியில் ஓடும் வழுக்கியாறுமே. கெண்டை தன் முட்டைகளை நீர்ப்பூண்டுகளிடையே சிதறிவிட்டுக் காவாது செல்வது. குளத்தைத் தூர்த்தாலும் பூண்டை முற்றாய்க் களைந்தாலும் அதன் வழித்தோன்றலே அற்றுப்போம். எத்தனை இனங்கள் இருந்தன என்று எண்ணுமுன்னரே அவை மறையலாகாது. நம் மாணாக்கர், அடுத்த மாரியில் ஊர்க்குளத்துக் கெண்டையைக் கண்ணாடிப் போத்தலில் நீரோடு ஏந்தி, மீசையை எண்ணி, முதுகுக் கதிரை உருப்பெருக்கியால் நோக்கி, குறித்துவைத்துப் பின் நீரில் விடுவாராக. ஊர்தோறும் அத்தகைய குறிப்பேடு ஒன்று எழுமாயின், அதுவே நம் குளங்களின் முதற் கணக்காகும்.