கண்ணாடித் தளத்தின் மேல் நிற்பவர்

ஆதிச்சநல்லூர் பறம்பில், தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். நின்று குனிந்தால் காலுக்கடியில் முதுமக்கள் தாழிகள், கிடைத்த இடத்தில் கிடைத்தபடியே இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அங்கே வந்ததும் முதலில் பார்ப்பது தங்கள் காலைத்தான். கண்ணாடி உடைந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைத் தெளியவைத்து, தாழியைப் பார்க்கவைத்து, உள்ளே இருந்தவர் யார், பக்கத்தில் ஏன் சின்னக் கலயம் என்று அவர்கள் வாயிலிருந்தே கேள்வியை வரவழைக்க ஒரு ஆள் வேண்டும். அருங்காட்சியகத்தில் கல்விப் பணி என்பது இந்த வேலைதான். இந்த வேலையைச் செய்பவர் எந்தக் காகிதத்தின் பேரில் அங்கே நிற்கிறார் என்பதுதான் என் கவலை.

உடன்குடிப் பக்கம் வேலையைப் பற்றிய பேச்சு இப்போது கூடுதலாகவே இருக்கிறது. எங்கள் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அனல்மின் நிலையம் கண்ணெதிரே எழுந்து நிற்கிறது. இவற்றின் நடுவே சத்தமில்லாமல் இன்னொன்றும் வளர்ந்திருக்கிறது. 2020 மத்திய பட்ஜெட்டில் நாட்டின் ஐந்து தொல்லியல் இடங்களில் களத்திலேயே அருங்காட்சியகம் அமைப்பதாக அறிவித்தார்கள். ஆதிச்சநல்லூர் அவற்றில் ஒன்று. கண்ணாடித் தளம் 2023 ஆகஸ்டில் திறந்தது. அதே ஆண்டு மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம். 2025 டிசம்பரில், நெல்லை ரெட்டியார்பட்டி மலைப் பக்கம், கொற்கையும் சிவகளையும் ஆதிச்சநல்லூரும் சேர்ந்த பொருநை அருங்காட்சியகம். வரலாறு படித்த பிள்ளைகளுக்குத் திருச்செந்தூர் போய் பஸ் மாறினால் எட்டும் தூரத்தில், படித்த படிப்புக்கு ஒரு வேலை என்ற நினைப்பு முதல்முறையாக வந்திருக்கிறது. அந்த நினைப்பு வீணாகிவிடக் கூடாது.

நிரந்தர வேலைக்கு வழி தெளிவானது. அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர், தொல்லியல் அலுவலர் போன்ற பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு உண்டு, பெரும்பாலும் முதுகலைப் படிப்பு கேட்பார்கள். அதற்குக் கீழே, பிள்ளைகளோடு பேசுகிற படியில்தான் குழப்பம் தொடங்குகிறது. தினக்கூலி, ஒப்பந்தம், ஏஜென்சி வழியாக, மதிப்பூதியம், தன்னார்வலர், பயிற்சியாளர், கைடு என்று ஒரே வேலைக்கு ஏழெட்டுப் பெயர் இந்த நாட்டில் புழங்குகிறது. எந்தப் பெயரில் சேர்கிறோமோ அதற்கேற்பத்தான் பின்னால் எந்த வாசலைத் தட்டலாம் என்பது அமையும். சேரும் நாளில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம். "முதல்ல உள்ள நுழைஞ்சிருவோம், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்பது நம் ஊர் வழக்கம். உள்ளே நுழைந்தபிறகு கேட்பதுதான் கடினம்.

ஆகவே முதல் நாளே எழுத்தில் பணி ஆணை கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் பணிப் பாதுகாப்பு பற்றிய தொகுப்பு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்கிறது. அரசு அலுவலகங்களுக்கு அந்தத் தொகுப்பு பொருந்தாது. ஆனால் அங்கே ஒப்பந்ததாரர் மூலம் வேலை பார்ப்பவர்களுக்குப் பொருந்தும். கடிதத்தில் வேலையின் பெயர், நாள் அல்லது மணிக்கணக்கு, ஊதியம், யார் முதலாளி என்ற நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். சொன்ன தேதியில் சேர்ந்தேன், சொன்ன சம்பளம் இவ்வளவு என்று நீங்களே ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பிவிடுங்கள். மறுக்கப்படாத அந்தச் செய்தி பின்னால் சாட்சியாக நிற்கும்.

சம்பளத்துக்கு வருகிறேன். குறைந்தபட்ச ஊதியம் முன்பு அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டும் இருந்தது. ஊதியத் தொகுப்பு அதை எல்லா வேலைக்கும் விரித்துவிட்டது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வரவேண்டும். வேலையை விட்டால் அல்லது நிறுத்தினால், பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்கவேண்டும். இவற்றைவிட அருங்காட்சியக வேலைக்கு நெருக்கமான விதி ஒன்று உண்டு. அது பலருக்குத் தெரியாது. காலையில் கிளம்பிப் போகிறீர்கள். வருவதாகச் சொன்ன பள்ளிக்கூட வேன் வரவில்லை. "இன்னைக்கு கூட்டம் இல்ல, நீ போம்மா" என்று பதினோரு மணிக்கு அனுப்பிவிடுகிறார்கள்; அரைச் சம்பளம் என்கிறார்கள். நாள் கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளி வேலை செய்யத் தயாராக வந்தும் முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போனால், பொதுவாக அந்த நாளுக்கு முழு ஊதியம் பெற அவருக்கு உரிமை உண்டு. பஸ் கட்டணத்தை இரண்டு பக்கமும் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தவருக்கு இந்த விதியின் அருமை புரியும்.

ஏஜென்சி வழியாகச் சேர்ந்தவர்கள் கவனிக்கவேண்டியது இது. மூன்று மாதச் சம்பளம் வரவில்லை என்றால் ஏஜென்சிக்காரர் "டிபார்ட்மெண்ட்ல பில் பாஸ் ஆகல" என்பார். துறையில் கேட்டால் "அது ஏஜென்சி விஷயம்" என்பார்கள். ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் வேலை நடக்கும் நிறுவனமே பொறுப்பு என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. அதேபோல, இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பி.எஃப்., பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. பி.எஃப்.-க்காகச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தால் அதே அளவு முதலாளியும் போடவேண்டும். பிடித்த பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று யு.ஏ.என். எண்ணை வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். சீட்டில் பிடித்தம் காட்டி, கணக்கில் ஏற்றாமல் விடுவது பெரிய குற்றம், பி.எஃப். அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

இந்த இடத்தில் எங்கள் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. 1889-இல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பை நேரில் பார்த்து எழுதியவர் எட்கர் தர்ஸ்டன். அவர் அப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அந்தக் காலத்து வழக்கப்படி, கரைசேர்ந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவருக்கு. மூச்சையடக்கி மூழ்கியவருக்கு ஒரு பங்குதானா என்று எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. ஆனாலும் அந்தப் பங்கு கரையில், எல்லோர் கண்முன்னும், குவியலாகப் பிரிக்கப்பட்டது. குளித்தவனுக்குத் தன் குவியல் எது, சர்க்கார் குவியல் எது என்று தெரியும். 1961-க்குப் பிறகு மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் முத்துக்குளிப்பே இல்லை. இன்று ஏஜென்சி வழி வேலைக்குப் போகும் பிள்ளைக்கு, தன் தலைக்கு அரசு எவ்வளவு கொடுக்கிறது, அதில் ஏஜென்சி எவ்வளவு எடுக்கிறது என்பது தெரியாமலே சம்பளம் வருகிறது. அந்தக் குவியலைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

பகுதிநேரம் என்ற சொல்லுக்கு நம் மாநிலத்திலேயே ஒரு நீண்ட அனுபவம் உண்டு. 2012-இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் எடுத்தார்கள். இருபதுகளில் சேர்ந்தவர்கள் நாற்பதைத் தொடும் வரை பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொகை பலமுறை உயர்ந்தது. ஆனால் பள்ளி விடுமுறை என்று மே மாதச் சம்பளம் இல்லை என்பது அவர்களுடைய நீண்டநாள் குறையாக இருந்தது. அருங்காட்சியகமும் பள்ளிகளின் வரவை நம்பியிருப்பதால் இதே மே மாதக் கேள்வி அங்கேயும் எழும். சேரும்போதே கேட்டுவிடுங்கள்: கூட்டமில்லாத மாதத்தில் எனக்கு என்ன?

"பத்து வருஷம் ஓட்டினா தானா நிரந்தரம் ஆயிரும்" என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், முறையான தேர்வின்றி வந்தவர்கள் நாள் கடந்ததாலேயே நிரந்தரம் கோரமுடியாது என்று சொன்னது. அதற்காகக் கதவு அடைபட்டுவிடவும் இல்லை. 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பணியின் தொடக்க ஊதியமாவது தரவேண்டும் என்றது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், பல ஆண்டுகளாகத் தொடர்ந்து தேவைப்படும் வேலையைப் பகுதிநேரம், தற்காலிகம் என்ற பெயரில் ஓட்டுவதற்காக அரசுகளைக் கண்டித்தது. இந்தத் தீர்ப்புகள் உதவவேண்டுமானால், நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், எத்தனை நாள் செய்தீர்கள் என்று காட்டியாகவேண்டும்.

லண்டன் நேஷனல் கேலரியில் நடந்ததும் அதுதான். பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் ஓவியங்களை விளக்கிய 27 பேரை 2017-இல் நிறுத்தினார்கள். சிலர் அங்கே பல பத்தாண்டுகள் இருந்தவர்கள். அவர்கள் சுயதொழில் செய்பவர்கள், எங்கள் பணியாளர் இல்லை என்றது நிர்வாகம். 2019-இல் தொழில் தீர்ப்பாயம் அவர்களைத் தொழிலாளர்கள் என்று ஏற்றது. முழுமையான ஊழியர் என்ற தகுதி கிடைக்கவில்லை. விடுப்பு ஊதியம் போன்ற உரிமைகளுக்கு வழி திறந்தது. அவ்வளவு பெரிய ஊரில், அவ்வளவு பெயர்பெற்ற கூடத்தில் நின்றவர்களுக்கே தாங்கள் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, வந்த நேரம், போன நேரம், எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், யார் வேலை சொன்னார் என்று தினமும் எழுதிவைக்கட்டும்.

பிள்ளைகளுக்காக நீங்கள் எழுதும் கதையும் பாடத்தாளும் யாருக்குச் சொந்தம் என்பதும் எந்தப் பெயரில் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்ததுதான். மாதச் சம்பளப் பணியாளராக வேலைக்காகச் செய்த பாடத்தாள், பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். சுயேச்சையாக வந்து கதைசொல்லியாகவோ பயிற்சி நடத்துபவராகவோ இருப்பவர் எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காதவரை பதிப்புரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். 1957-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பெண்பிள்ளைகளை அனுப்பும் தாய் தகப்பனுக்கு ஒன்று. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிகப் பணியாளர், பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளமே வாங்காத தன்னார்வலர் எல்லோரையும் பாதுகாக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும். இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். உடனடி உதவிக்கு 181. "நீ வாலண்டியர்தானே" என்று யாராவது சொன்னால் அது சட்டம் இல்லை.

மோசடிக்காரர்களும் இந்த ஆசையை மோப்பம் பிடிப்பார்கள். தொல்லியல் துறை முத்திரை போட்ட ஆணையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ்" என்று ஒரு தனிநபர் எண்ணுக்கு ஜி.பே. செய்யச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டணம் தேர்வு நடத்தும் அமைப்பின் இணையதளத்தில்தான் கட்டப்படும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு வகையும் உண்டு: மத்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும் நினைவுச்சின்ன வளாகத்தில் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்ட உரிமம் வேண்டும். உரிமம் எடுத்துத் தராமல் "கைடா நில்லு, வர்றத பாதி பாதி" என்பவரை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வது நிற்கும் பிள்ளைதான்.

குறை வந்தால் எந்த வாசல் என்பது, அருங்காட்சியகம் யாருடையது என்பதைப் பொறுத்தது. ஆதிச்சநல்லூர்க் களம் மத்தியத் தொல்லியல் துறையுடையது. அங்கே சம்பளப் புகார், மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையர் அமைப்புக்குப் போகும். பொருநை, கீழடி, அரசு அருங்காட்சியகங்கள் மாநில அரசுடையவை. தனியார் காட்சியகமும் மாநிலக் கணக்கில்தான். அவற்றுக்கு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். வாசல் மாறிப் போனால் மனு அங்கேயும் இங்கேயும் அலையும். சம்பளக் கோரிக்கையை மூன்று ஆண்டுக்குள் எழுப்பவேண்டும். தராமல் விட்ட தொகைக்குப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடமுண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்கவேண்டாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் பேசலாம்; நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் நேரிலும் கேட்கலாம்.

இனி அந்தக் குவியல். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, அருங்காட்சியகத்தை நடத்தும் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். ஆள் அனுப்பும் ஏஜென்சியோடு செய்த ஒப்பந்தத்தின் நகல், ஒரு பணியாளருக்கு மாதம் அரசு கொடுக்கும் தொகை, கடைசி ஆறு மாத பில் நகல், பி.எஃப். கட்டிய சலான் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். "ஏன்" என்ற கேள்வி வேண்டாம். ஆவணத்தின் நகலை மட்டும் கேளுங்கள். வேலையில் இருப்பவர் தன் பெயரில் போடப் பயந்தால் அண்ணனோ அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ போடலாம். மனுதாரர் காரணம் சொல்லவேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அங்கேயும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள், மாநிலத் துறையானால் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும், ஆதிச்சநல்லூர் போன்ற மத்திய அரசு இடமானால் மத்தியத் தகவல் ஆணையத்துக்கும். மனுவை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அந்த நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.