கூட்டாளியின் செயற்றிட்டத்தில் குறை சொல்வது எப்படி?

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 9 பிள்ளைகள் மண்ணரிப்பு பற்றிக் குழுச் செயற்றிட்டம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரித்து வைத்த இரண்டு தட்டுகள். ஒன்றில் வெறும் மண், மற்றதில் மானாப்புல். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, வழிந்து வந்த சேற்றை அளந்து முடிவை வாசிக்கிறார்கள். அடுத்த குழுவிடம் கருத்துக் கேட்டால் பெரும்பாலும் "நல்லாயிருக்கு" என்று வரும், இல்லையென்றால் "நீங்க ஒழுங்கா செய்யல" என்று வரும். இரண்டாலும் அந்தச் சோதனை திருந்தாது. "ரெண்டு தட்டுக்கும் ஒரே அளவு தண்ணியா ஊத்துனீங்க? சரிவு ஒண்ணா இருந்துச்சா?" என்று யாராவது கேட்டால்தான் திருந்தும்.

உளவியலாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். க்ளூகர், டெனிசி என்ற இருவர் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி, 607 விளைவுகளை ஒப்பிட்டு 1996இல் வெளியிட்டார்கள். சராசரியில் பின்னூட்டம் உதவியிருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது செயற்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்ட ஆள்' என்ற பக்கம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். திட்டு மட்டுமல்ல, "நீ கெட்டிக்காரி" என்ற பாராட்டும் அந்தப் பக்கம்தான் திருப்புகிறது.

ஆளை விட்டு வேலையை மட்டும் பேசும் குறைக்கு நல்ல முன்மாதிரி தேயிலைத் தொழிற்சாலையிலேயே இருக்கிறது. ருசி பார்ப்பவர் தூளை ஊறவைத்துக் குடித்துப் பார்த்துக் குறை சொல்வார். கருகல் வாடை என்றால் உலர்த்தும் சூடு கூடிவிட்டது. பச்சை வாடை என்றால் வாட்டியதோ நொதிக்கவிட்டதோ போதவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஒரு படியைச் சுட்டுகிறது. தூளைத் தயாரித்த டீமேக்கரின் குணத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

தோட்டத்தில் வளரும் பிள்ளை கேட்டுப் பழகிய குறைகள் மேலிருந்து வருபவை: மலையில் கங்காணி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை, வகுப்பில் ஆசிரியர். பக்கத்து வாங்கில் இருப்பவள் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேட்கவும், "இல்ல, நாங்க அளந்துதான் ஊத்துனோம்" என்று கோபப்படாமல் பதில் சொல்லவும் அந்தப் பிள்ளைக்குத் தனியாகப் பழக்கம் வேண்டும். விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை இன்னும் தீராத தோட்டப் பாடசாலைகளில் இந்தப் பழக்கம் மிகவும் அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சொல்பவருக்கும் இதில் இலாபம் உண்டு. அமெரிக்காவில் ஆங்கிலம் கற்க வந்த மாணவர்களிடம் லண்ட்ஸ்ட்ரோம், பேக்கர் இருவரும் செய்த ஆய்வு 2009இல் வந்தது. பிறர் கட்டுரைக்குக் கருத்துச் சொல்லிப் பழகியவர்கள், கருத்துப் பெற்றுத் திருத்தியவர்களைவிடத் தங்கள் சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். ஆகவே குழுவில் வாய் திறக்காத பிள்ளைக்கும் கருத்துச் சொல்ல முறை வைக்க வேண்டும்.

இன்னொன்று, நேரம். இஸ்ரேலியப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ரூத் பட்லர் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு புள்ளியும் பெற்றவர்களிடம் அந்தப் பயன் காணாமல் போனது. அதனால் பாடசாலைக் கணிப்பீட்டுக்குப் புள்ளி போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே குழுக்கள் ஒன்றையொன்று பார்த்துப் பேச ஆசிரியர் ஒரு பாடவேளை ஒதுக்கினால், கேட்ட குறையைத் திருத்தப் பிள்ளைகளுக்கு நாளும் கிடைக்கும்.