மேப்பிளுக்கு மார்கழி போதாது

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். செங்கல்பட்டுப் பக்கம் மார்கழி விடியலில் கொஞ்சம் கூடுதலாகக் குளிரலாம், அவ்வளவுதான். ஜப்பானிய மேப்பிளைப் போன்சாயாக வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. இலை உதிர்த்து உறங்கும் அந்த மரத்தின் மொட்டுகள், ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் கிடந்தால்தான் ஒழுங்காக விழிக்கும்.

விதையை வேண்டுமானால் ஏமாற்றலாம். ஈரமணலோடு பிரிட்ஜில் மூன்று நான்கு மாதம் வைத்தால் முளைத்துவிடும். பிறகு? சித்திரை வெயிலிலும் உப்புக் காற்றிலும் அதன் மெல்லிய இலைகள் ஓரத்திலிருந்து கருகும். இரவிலும் புழுக்கம் தணியாததால், பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சுவாசிப்பதிலேயே கரைத்துவிடும். (இணையத்தில் விற்கும் ‘நீல மேப்பிள்’ விதையை வாங்கிவிடாதீர்கள். நீல இலை மேப்பிள் என்று உலகில் எதுவும் கிடையாது.)

நம் கரைக்கு ஏற்ற மரம் கல்லிச்சி. ஆல், அரசு வகையறாதான். இலை மட்டும் சிறியது. பறவை எச்சத்தில் விழுந்த விதை பாறை இடுக்கிலும் மதில் விரிசலிலும் முளைக்கும். வேர் பரவ இடமில்லாததால் பல வருடம் ஆகியும் முழ உயரத்தைத் தாண்டாமல், அடித்தண்டு மட்டும் பருத்து நிற்கும். அதையே தரையில் நட்டால் பெருமரம். போன்சாயின் குள்ளம் பரம்பரைக் குணமல்ல. வேருக்குக் கிடைக்கும் இடத்தைப் பொறுத்தது. மாமல்லபுரத்துச் சிற்பங்கள் பக்கம் செடி தேடிப் போகாதீர்கள். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் அது. அங்கே செடி பிடுங்குவது தொல்லியல் துறையின் வேலை. பழைய வீட்டு மொட்டைமாடித் தொட்டியடியில் பார்த்தாலே ஒன்று அகப்படும்.

மேப்பிளுக்கு ஜப்பானியர் செய்யும் விண்பதியம் இதற்கும் பொருந்தும், இன்னும் சுலபமாக. கிளையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்க வேண்டும். கட்டைக்குள் தண்ணீர் வழக்கம்போல் மேலே ஏறும். இலை தயாரித்த சர்க்கரையும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியும் கீழே இறங்க வழியின்றி வெட்டின் மேல்விளிம்பில் தேங்கும். அங்கேதான் வேர் கிளம்பும். பட்டைக்கடியில் வழவழப்பாக இருக்கும் பசைப்படலத்தையும் சுரண்டிவிட வேண்டும். விட்டால் காயம் கூடிப்போய் வேர் வராது. வடியும் பாலைக் கழுவித் துடைத்து, நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை வைத்து பாலித்தீனால் இறுக்கிக் கட்டினால் போதும். விழுது விடும் குலமாயிற்றே, ஐப்பசி ஈரத்தில் வேர் சீக்கிரம் பிடிக்கும். அவ்வளவு பொறுமைகூட இல்லாதவர்கள் கட்டைவிரல் பருமனில் போத்து வெட்டி நடலாம்.

சிவப்பு நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரசு. மேப்பிள் இலையைச் சிவக்கவைக்கும் ஆந்தோசயனின் நிறமியே அரசந்தளிருக்கும் செம்பு நிறம் தருகிறது. மேப்பிளில் அது உதிரும் இலையின் நிறம். அரசில் பிறக்கும் இலையின் நிறம்.

கடலோரத்தில் கவனிக்க வேண்டியது தண்ணீரை. ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறியிருந்தால், ஆழமில்லாத போன்சாய்த் தட்டில் அது நாளுக்கு நாள் படிந்து இலைநுனியைக் கருக்கும். மழைநீரைப் பிடித்து வைத்து, அவ்வப்போது தட்டின் அடித்துளை வழியே நன்றாக ஓடும்வரை ஊற்றுங்கள்.