தூங்கத் தெரிந்த பிராசசர்!

குட்டீஸ்! ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போமா?

நீங்கள் கம்ப்யூட்டரில் கட்டுரை டைப் செய்கிறீர்கள். நொடிக்கு 5 எழுத்து வீதம் அடிக்கிறீர்கள். அப்படியென்றால், ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் 0.2 நொடி இடைவெளி. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால், 2 ஜிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பிராசசர் நொடிக்கு 200 கோடி முறை துடிக்கிறது. அந்த 0.2 நொடிக்குள் 40 கோடி துடிப்புகள்! ஓர் எழுத்தைத் திரையில் காட்ட இதில் சிறு பங்கு போதும். மீதி நேரத்தில் பிராசசர் என்ன செய்யும்?

தூங்கும்! நிஜமாகத்தான். ஒரு நொடிக்குள்ளேயே பலமுறை தூங்கி, பலமுறை விழிக்கும். அப்படித் தூங்காவிட்டால் உங்கள் வீட்டு செல்போனின் பேட்டரி சீக்கிரமே காலியாகிவிடும், போனும் சுடும். எப்போது தூங்கலாம், எவ்வளவு வேகமாக வேலை செய்யலாம் என்று முடிவு செய்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் கெர்னல்.

யார் இந்த கெர்னல்?

கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று அர்த்தம். கம்ப்யூட்டரை இயக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நடுவே இருக்கும் முக்கியமான புரோகிராம் இது. பிராசசர், மெமரி, திரை எல்லாவற்றையும் மேய்ப்பது இதன் வேலை. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் ஒரு கெர்னலை எழுதி வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். அப்போது அவருக்கு வயது 21. இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

ரயில்வே கேட் பாடம்

ஆட்டோவில் போகிறீர்கள். முன்னால் போகும் வண்டி ஒரு விநாடி நின்றால் டிரைவர் என்ஜினை அணைக்க மாட்டார். ரயில்வே கேட் மூடியிருந்தால் அணைத்துவிடுவார். ஏன்? அணைத்த என்ஜினை மறுபடி கிளப்ப நேரமாகும், கொஞ்சம் செலவும் உண்டு. நெடுநேரம் நின்றால்தான் அணைப்பது லாபம்.

பிராசசரின் தூக்கமும் இப்படித்தான். லேசான தூக்கத்தில் துடிப்பு மட்டும் நிற்கும், சட்டென்று எழுந்துவிடலாம். ஆழ்ந்த தூக்கத்தில் சில பகுதிகளுக்கு மின்சாரமே நிறுத்தப்படும். மிச்சம் அதிகம், ஆனால் எழுந்திருக்க நேரமாகும். எனவே, "அடுத்த வேலை எப்போது வரும்?" என்று கெர்னல் முதலில் ஊகிக்கிறது. அடுத்து அடிக்க வேண்டிய அலாரம் எப்போது, இதற்கு முன் எவ்வளவு நேரம் தூங்க முடிந்தது என்பதைப் பார்த்து, எந்தத் தூக்கம் என்று முடிவு செய்கிறது.

முன்பு ஒரு வேடிக்கை நடந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கெர்னலின் கடிகாரம் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பிராசசரைத் தட்டி எழுப்பும். தூங்கும் பிள்ளையை எழுப்பி, "தூங்கிட்டியா கண்ணு?" என்று கேட்பது போல! 2007-ல் வந்த லினக்ஸ் 2.6.21 பதிப்பில் இதற்கு வழி பிறந்தது. வேலை இல்லாதபோது அந்தத் தட்டலை நிறுத்தி வைக்கக் கெர்னல் கற்றுக்கொண்டது.

ஓடலாமா, நடக்கலாமா?

விழித்திருக்கும்போதும் முழு வேகம் தேவையில்லை. வேகத்தைக் குறைத்தால் பிராசசருக்குக் கொடுக்கும் வோல்ட் அளவையும் குறைக்கலாம். இங்கேதான் ரகசியம் இருக்கிறது. ஒரு வேலையைச் செய்யும்போது துடிப்புகளுக்குச் செலவாகும் மின்சக்தி, வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது.

கணக்குப் போடுங்கள். 1 வோல்ட்டில் செய்தால் 1 x 1 = 1 பங்கு. அதே வேலையை 0.8 வோல்ட்டில் மெதுவாகச் செய்தால் 0.8 x 0.8 = 0.64 பங்கு. 36 சதவீதம் மிச்சம்!

அப்படியானால் எப்போதும் மெதுவாகவே செய்யலாமே? கூடாது. ஒன்று, நீங்கள் காத்திருந்து அலுத்துப்போவீர்கள். இரண்டு, விழித்திருக்கும் சிப்பில் சரியாக மூடாத குழாய் போல மின்சாரம் ஒழுகிக்கொண்டே இருக்கும். வேலையை இழுத்துக்கொண்டே போனால் ஒழுகுவதும் கூடும். இரண்டையும் எடைபோட்டு நடுவில் ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில புதிய பிராசசர்களில் இந்த முடிவின் ஒரு பகுதியை சிப்பே எடுத்துக்கொள்கிறது.

கீரை வாங்க லாரியா?

ஒரு கட்டுக் கீரை வாங்க யாராவது லாரி எடுத்துக்கொண்டு போவார்களா? சைக்கிள் போதுமே! சிப்புகளுக்கான இந்த யோசனையைத்தான் பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ம் நிறுவனம் 2011-ல் அறிவித்தது. ஒரே சிப்பில் வேகமான பெரிய கோர்கள் சில, சிக்கனமான சின்னக் கோர்கள் சில. பாட்டு கேட்கச் சின்னது; கேம் விளையாடப் பெரியது.

ஆனால் எது பெரியது, எது சின்னது என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்ல வேண்டும். அதற்காகச் சிப்பையும் போனையும் தயாரிப்பவர்கள் ஒரு விவரக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள். அதை வைத்து லினக்ஸ் மார்க் போடுகிறது. சிப்பில் உள்ளதிலேயே பலமான கோருக்கு முழு வேகத்தில் 1024 மார்க். (2-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், 1024 வரும்.) அதில் பாதி பலமுள்ள கோருக்கு 512. எந்த வேகத்தில் எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்ற பட்டியலும் உண்டு. 2019-ல் வந்த லினக்ஸ் 5.0 பதிப்பிலிருந்து, இந்தப் பட்டியலைப் பார்த்து, எந்தக் கோரில் வைத்தால் செலவு குறையும் என்று கணக்குப் போட்டு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது கெர்னல்.

கம்ப்யூட்டர்களிலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. 1996-ல் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா நிறுவனங்கள் சேர்ந்து ஏசிபிஐ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. பிராசசரின் தூக்க நிலைகளையும் வேக நிலைகளையும் எல்லோரும் ஒரே பெயரால் சொல்ல அது உதவுகிறது.

விவரக் குறிப்பு தப்பாக இருந்தால்? கீரைக்கு லாரி போகும். நெல் மூட்டைக்கு சைக்கிள் போகும்! கெர்னல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், தப்பான தகவலை வைத்துச் சரியான முடிவு எடுக்க முடியாது.

உங்கள் பங்கு என்ன?

நீண்ட நேரம் கேம் விளையாடினால் போன் சூடாகி, வேகம் குறைகிறதா? அது சிப்பைக் காப்பாற்ற நடக்கும் ஏற்பாடாக இருக்கலாம். சூடு அளவு மீறினால் கெர்னல் வேகத்தைக் குறைத்துவிடும். உடனே போனுக்கு ஓய்வு கொடுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழி இருக்காது.

இன்னொன்று. நாளைக்கு நீங்களே புரோகிராம் எழுதுவீர்கள். "மெசேஜ் வந்ததா? வந்ததா?" என்று ஓயாமல் கேட்கும் புரோகிராமை எழுதினால், பிராசசரை நிம்மதியாகத் தூங்க விடாது. "வந்தால் மணி அடி, எழுந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும் புரோகிராமை எழுதுங்கள். உங்கள் புரோகிராமை லட்சம் பேர் பயன்படுத்தினால், லட்சம் பேட்டரிகளுக்கு அது நன்மை அல்லவா?