வயலுக்கு மேலே இன்ஜின் நின்றால்

பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம் கதிர்களுக்கு மேல் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் பறக்கிறது. இருப்பது ஒரே இன்ஜின். எரிபொருளில் தண்ணீர் கலந்து அது நின்றுபோனால், உயரத்திலிருந்து நிதானமாகச் சறுக்கி இறங்க வழியில்லை.

அப்போது விமானியிடம் மிஞ்சுவது வேகம் மட்டுமே. ஸ்டிக்கை இழுத்து அதை உயரமாக மாற்றிக்கொள்கிறார். மணிக்கு 225 கிலோமீட்டர் வேகம் 130 ஆகக் குறைவதற்குள், கணக்குப்படி சுமார் 130 மீட்டர் ஏறலாம். காற்றின் தடை அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

ஏறும்போதே மருந்துத் தொட்டியின் அடிக்கதவைத் திறந்துவிட வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸில் தயாராகும் ஏர் டிராக்டர் ஏடி-802 விமானத்தின் தொட்டி சுமார் 3,000 லிட்டர் கொள்ளும். கதவு திறந்ததும் மூன்று டன் சுமை சில நொடிகளில் கொட்டிவிடும். இதன் பலன் பெரிது. இறக்கைகள் விமானத்தைத் தாங்குவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம், அதாவது ஸ்டால் வேகம், எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மொத்த எடை 36 சதவீதம் குறைந்தால் ஸ்டால் வேகம் 20 சதவீதம் குறையும். எடையும் வேகமும் சேர்ந்து குறைவதால், தரையைத் தொடும்போது உள்ள இயக்க ஆற்றல் முன்பிருந்ததில் 41 சதவீதம்தான். விமானியின் உயிரைக் காப்பதில் இது பெரிதும் உதவும்.

பிறகு நேர் எதிரே உள்ள வயலில் இறங்குவதே முறை. ஓடுதளத்துக்குத் திரும்பும் ஆசைதான் ஆபத்து: சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம் கூடும், விமானமோ வேகம் இழந்துகொண்டிருக்கும். மின்கம்பிகளை ஒதுக்கி, கூடியவரை காற்றை எதிர்த்து, உழவுச் சாலின் போக்கில் சக்கரங்களை வைக்க வேண்டும். சாலுக்குக் குறுக்கே இறங்கினாலோ, ஈர மண்ணில் சக்கரம் புதைந்தாலோ விமானம் தலைகுப்புறக் கவிழும்.

கவிழ்ந்தாலும் ஆள் பிழைக்க வேண்டும் என்பதற்காகவே தெளிப்பு விமானத்தின் உடல் அமைந்திருக்கிறது. ஃபிரெட் வைக் வடிவமைத்து 1950 டிசம்பரில் டெக்சாஸில் முதன்முதலாகப் பறந்த ஏஜி-1 இதற்கு முன்மாதிரி. முன்னால் இன்ஜின், அடுத்துத் தொட்டி, அதற்கும் பின்னால் உயரமான இருக்கை. மோதினால் முதலில் நசுங்குவது முன்பாகம். தொட்டி விமானியின் முதுகுக்குப் பின்னால் இல்லாததால் சுமை அவர்மேல் பாயாது. இருக்கையைச் சுற்றி எஃகுக் குழாய்க் கூண்டு, தோளையும் இடுப்பையும் இறுக்கும் வார்கள்.

சுமையைக் கொட்டும் கதவு விமானிக்காக மட்டுமல்ல. அமெரிக்க விதிகளின்படி, மக்கள் நெருங்கி வாழும் பகுதிக்கு மேல் தெளிக்கும் விமானம், அனுமதிக்கப்பட்ட உச்சச் சுமையில் பாதியையாவது 45 நொடிகளுக்குள் கொட்டும் வசதி கொண்டிருக்க வேண்டும்.