புது நாட்டில் அக்ஷராப்பியாசம்

தாய்நாட்டை விட்டு வேறொரு தேசத்தில் குடியேற நேர்ந்த மனிதன், தன் தொழிலறிவையும் குடும்பத்தின் வழிவழி வந்த ஆசாரங்களையும் தன்னோடு எடுத்துச் சென்றுவிடலாம். ஆனால், நாற்பது ஐம்பது ஆண்டுகளாகத் தன் நாவில் பழகி, நாலு பேர் தன்னை மதிக்கக் காரணமாயிருந்த பாஷைக்கு எல்லையைத் தாண்டியதும் மதிப்பில்லாமற் போய்விடுகிறது. நேற்று வரை ஊர்ப் பொதுக்காரியங்களில் நியாயம் பேசியவர், இன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கேட்கத் தயங்கி நிற்கிறார். பெரிய குடும்பம் ஒன்றைக் கட்டி ஆண்ட தாய், வைத்தியரிடம் தன் நோயைச் சொல்லப் பள்ளிக்கூடம் போகும் மகனைத் துணைக்கு அழைத்துச் செல்கிறாள். இவர்களைக் கண்டு, ஒன்றும் அறியாதவர்கள் என்று எண்ணிவிடுகிற உபாத்தியாயர் எவ்வளவு படித்தவராயிருந்தாலும் இவர்களுக்குப் பாடம் சொல்லத் தகுதியுடையவர் ஆகமாட்டார். வயது வந்தவருக்கு மொழி கற்பிப்பதென்றால், அவரிடம் முன்னமே நிறைந்திருக்கும் அறிவும் அனுபவமும் புதிய பாஷையில் வெளிப்பட வழி செய்து கொடுப்பது என்றே பொருள்.

குடியேறுவோரால் வளர்ந்த நாடாகிய கனடா, இந்தப் பணியில் நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உடையது. 1899-ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் பாதிரியார், ஒன்டாரியோ மாகாணத்து வடபகுதிக் காடுகளில் மரம் வெட்டியும், சுரங்கங்களில் உழைத்தும், ரயில் பாதை அமைத்தும் பிழைத்த கூலியாட்களுக்காக வாசிப்புக் கூடாரங்களை ஏற்படுத்தும் இயக்கத்தைத் தொடங்கினார். புத்தகங்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் மட்டும் போதாது என்பது விரைவில் விளங்கிவிட்டது. இத்தாலி, பின்லாந்து, உக்ரைன் முதலிய தேசங்களிலிருந்து வந்து சேர்ந்த உழைப்பாளிகளில் பலருக்கு அந்தப் புத்தகங்களின் பாஷையே தெரியாது. ஆகவே, கல்லூரி மாணவர்களை அங்கே அனுப்பி, பகலெல்லாம் அந்த ஆட்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடிக்கவும், இரவில் அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். உழைப்பாளி ஆசிரியர்கள் என்று பெயர் பெற்ற இவர்களில், பிற்காலத்தில் சீனப் போர்க்களத்தில் வைத்தியம் செய்து உலகப் புகழ் அடைந்த நார்மன் பெத்யூனும் ஒருவர். 1911-இல், மாணவராயிருந்தபோது, அவர் இந்தத் தொண்டில் ஈடுபட்டார். 1919-இல் ஃபிரான்டியர் காலேஜ் என்று பெயர் பெற்ற அந்த ஸ்தாபனம், 1977-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசையும் பெற்றது. மாணவரின் வியர்வையில் பங்குகொண்ட ஆசிரியருக்கு அவர்களுடைய தேவை என்ன என்பதை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த இயக்கம் நமக்கு விட்டுச் சென்ற முதற்பாடம் இதுவே.

இப்பெரும் காரியத்தைத் தனிமனிதரின் தருமசிந்தையை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது என்பதை அரசாங்கம் உணர்வதற்குப் பல காலம் சென்றது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்களுக்குப் பின் அங்கிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கனடாவை நாடி வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழ் அகதிகளை அப்பகுதி மீனவர்கள் காப்பாற்றிய செய்தி உலகெங்கும் பரவியது. அந்நாளில் மத்திய அரசாங்கத்தின் மொழிப் பயிற்சி, பெரும்பாலும் உடனே வேலைக்குச் செல்லக்கூடியவர்களை நோக்கியே அமைந்திருந்தபடியால், வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்த்த பெண்களும் வயோதிகர்களும் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டார்கள். 1992-இல் ஏற்பட்ட 'லிங்க்' என்னும் திட்டம் இந்தக் குறையைப் போக்க முயன்றது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் அகதிகள் என ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும், வேலை தேடுபவர்களாயினும் அல்லராயினும், கட்டணமின்றி அதில் ஆங்கிலம் கற்கலாம். பல நிலையங்களில், தாய்மார் பாடம் கேட்கும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் வசதி உண்டு. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்ற ஒரே கேள்வியால் படிப்பைக் கைவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். அதை எண்ணிப் பார்த்தால், பாடப்புத்தகத்தைவிட அந்தப் பராமரிப்பு அறையே முக்கியமானது என்று கூடச் சொல்லலாம்.

வகுப்பில் சேருமுன் ஒவ்வொருவருடைய ஆங்கிலமும் சோதிக்கப்படுகிறது. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறன்களையும் தனித்தனியே 12 படிகளாக வகுத்து, ஒவ்வொரு படியிலும் ஒருவர் எதைச் செய்யவல்லவராயிருக்க வேண்டும் என்று விவரித்திருக்கிறார்கள். இலக்கண சூத்திரங்களை எத்தனை மனப்பாடம் செய்தார் என்பது அங்கே அளவுகோலாவதில்லை. தொலைபேசியில் வைத்தியரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ள முடிகிறதா, குழந்தையின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தின் கருத்தை அறிய முடிகிறதா என்பவையே அங்கே பார்க்கப்படுகின்றன. ஒருவர் பேச்சில் ஐந்தாம் படியிலும் எழுத்தில் இரண்டாம் படியிலும் இருக்கக்கூடும். பொறியியல் படித்துவிட்டு வந்தவரோ வாசிப்பில் உயர்ந்தும் பேச்சில் தாழ்ந்தும் காணப்படலாம். நான்கையும் பிரித்து அளப்பதனால், எவருக்கு எங்கே கைகொடுக்க வேண்டும் என்பது தெளிவாகிறது.

இங்கே பொதுமக்கள் எளிதில் உணராத ஒரு பேதத்தை விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பள்ளிப் படிப்பு முடித்து வந்த ஒரு பெண்மணியும், யுத்தத்திலும் அகதி முகாமிலும் இளமையைக் கழித்ததனால் எந்த மொழியிலும் ஓர் எழுத்தைக்கூட எழுதியறியாத வேறொரு தேசத்துப் பெண்மணியும், ஆங்கிலம் அறியாமையில் சமமானவர்களாகத் தோன்றலாம். ஆனால், அவர்கள் கடக்க வேண்டிய தூரம் ஒன்றாகாது. பேசும் ஒலியைக் காகிதத்தில் குறிக்க முடியும், அந்தக் குறிகளைப் பார்த்து ஒலியை மீட்க முடியும் என்ற ஞானத்தை மனிதன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பெறுகிறான். எந்த மொழியில் பெற்றிருந்தாலும் அது மற்ற மொழிகளுக்கும் உதவும். முன்னவரிடம் அது இருக்கிறது. தமிழில் நெடிலும் குறிலும் பழகிய காதுக்கு, கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பதற்கும் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' என்பதற்கும் உள்ள வேற்றுமை எளிதில் பிடிபடும். தமிழில் ஒரே பகரம் ஏற்று நிற்கும் இரண்டு ஒலிகளுக்கு ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துக்கள் இருப்பதும், ஒரே எழுத்து ஒரு சொல்லில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் ஒலிப்பதும், சில எழுத்துக்கள் ஒலிக்காமலே நிற்பதும் அவருக்குச் சிரமம் தரும். ஆயினும் அவை பழகப் பழகத் தீரக்கூடிய சிரமங்களே. பின்னவருக்கோ, தெரியாத பாஷையும் தெரியாத எழுத்தும் ஒரே சமயத்தில் எதிரே வந்து நிற்கின்றன.

பிரேசில் தேசத்துப் பேரறிஞர் பாவ்லோ ஃபிரெயிரே, 1963-இல் ஆஞ்சிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு மிகக் குறுகிய காலத்தில் எழுத்தறிவித்துப் புகழ்பெற்றார். அம்மக்களுடைய வாழ்க்கையிலிருந்தே சொற்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றைக் கொண்டே எழுத்தைக் கற்பித்தது அவருடைய மகத்தான உபாயம். ஆனால், அவர்கள் கற்ற எழுத்து அவர்களுடைய தாய்மொழியின் எழுத்து. ஒரு சொல்லைக் கூட்டி வாசித்ததும் அதன் பொருள் தானே மனத்தில் உதித்தது. குடியேறியவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தட்டுத் தடுமாறி ஓர் ஆங்கிலச் சொல்லை வாசித்து முடித்தாலும், அச்சொல் அவர் காதில் முன்பு விழுந்திராவிட்டால், அந்த முயற்சியெல்லாம் வெறும் ஒலியாகவே முடிந்துவிடும். ஆகையால், முதலில் சொல் செவியில் புக வேண்டும். பிறகு நாவில் பழக வேண்டும். அதன் பின்னரே கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி, முதல் நாளே அகரவரிசையை எழுதச் சொல்லி ஆரம்பிக்கிற வகுப்பில் பொருளற்ற கோடுகளை வரைவதே படிப்பு என்று மாணவர் நினைத்துவிடுகிறார்.

செவியிலிருந்து தொடங்கும் சரியான வரிசையில் நடக்கும் வகுப்பொன்றை நெருங்கிப் பார்ப்போம். ஆசிரியை தம் மாணவர்களை அருகிலுள்ள மளிகைக் கடைக்கு அழைத்துச் சென்று, அரிசியையும் வெங்காயத்தையும் கையில் எடுத்துக் காட்டிப் பெயர் சொல்லப் பழக்குகிறார். திரும்பி வந்ததும், என்ன வாங்கினீர்கள் என்று கேட்கிறார். ஒருவர், "ஐ பாட் ரைஸ்" என்கிறார். இன்னொருவர், "ஆனியன் இஸ் செவன் டாலர்" என்கிறார். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே ஆசிரியை பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, விரலால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுக் காட்டி வாசிக்கிறார். எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். மறுநாள் அதே வாக்கியங்கள் காகிதப் பட்டைகளாக வருகின்றன; அவற்றை வரிசைப்படுத்திய பிறகு, சொல் சொல்லாகக் கத்தரித்து மீண்டும் கோக்கிறார்கள். அதன் பின்பே 'ரைஸ்' என்னும் சொல்லின் முதல் எழுத்து தனியே எடுக்கப்பட்டு, அந்த ஒலியில் தொடங்கும் வேறு சொற்கள் தேடப்படுகின்றன. தன் வாயிலிருந்து பிறந்த வாக்கியம் காகிதத்தில் நிலைபெற்றிருப்பதைக் கண்டு, அதைத் தானே வாசிக்கவும் வல்லவரானவர், எழுத்து எதற்காக ஏற்பட்டது என்பதை எந்த வியாக்கியானமும் இன்றி உணர்ந்துகொள்கிறார்.

படித்தவர்கள் இயல்பென்று கருதுகிற எத்தனையோ பழக்கங்களை அங்கே பாடமாகவே சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பென்சிலை அளவாக அழுத்திப் பிடிப்பது, கோட்டின்மேல் எழுத்தை நிறுத்துவது, அரபு மொழி வாசித்துப் பழகியவர் இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டுவது, 26 எழுத்துக்களுக்கும் பெரியதும் சிறியதுமாக இரண்டு வடிவங்கள் உண்டு என அறிவது, ஒவ்வொரு தாளிலும் தேதியிட்டுக் கோப்பில் உரிய இடத்தில் சேர்ப்பது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வித்தையே. சிறு சித்திரங்களைப் பார்த்துப் பொருளறிவதும் பழக்கத்தால் வருவதாகையால், நல்ல ஆசிரியர்கள் மருந்துப் புட்டியையும், பஸ் டிக்கெட்டையும், கடையின் விலை விளம்பரத் தாளையும் நேரிலே கொண்டு வந்து மேஜைமேல் வைக்கிறார்கள். கேலிக்கிடமான பொம்மைகளும் குழந்தைப் பாட்டுக்களும் நிறைந்த பாலர் புத்தகத்தை இவர்கள் கையில் கொடுப்பது, இவர்களுடைய வயதையும் அனுபவத்தையும் அவமதிப்பதாகும்.

கற்பவர் வகுப்பறைக்குள் தனியாக வருவதில்லை. அவருடைய கவலைகளும் உடன் வருகின்றன. இரவெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டுக் காலையில் பாடம் கேட்க வருபவருக்குக் கண் அயர்கிறது. போரைக் கண்டவருக்கு, வெளியே திடீரென எழுந்த ஓசையால் மனம் கலைந்து, நேற்றுக் கற்றதும் மறந்துபோகிறது. முதியோரைத் தடுப்பது பெரும்பாலும் வெட்கமே. டொரன்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் அடுத்த வீட்டுப் பெண், "அக்கா, நீங்களும் கிளாசுக்கு வாங்கோவன்" என்று அன்போடு அழைத்தால், "இந்த வயசிலை எனக்கென்ன பிள்ளை படிப்பு" என்ற பதில் எளிதாக வந்துவிடுகிறது. இப்படிப்பட்டவரை ஒரு பருவத்துக்குள் அடுத்த படிக்கு ஏற்றியே தீர வேண்டும் என்று ஆசிரியரை நெருக்குவதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. எழுத்தறியாதவர் முன்னேறும் வேகம் குறைவாகத் தோன்றினும், அவர் கடந்த தூரம் மற்றவர் கடந்ததைவிட அதிகமாகவே இருக்கும்.

கனடாவில் குடியுரிமை கோரும் 18 முதல் 54 வயதுக்குட்பட்டவர்கள், கேட்டலிலும் பேசுதலிலும் நான்காம் படியை எட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மொழித் தகுதிக்காகச் சட்டம் வேண்டுவது இவ்வளவே. வாழ்க்கையோ இன்னும் அதிகம் வேண்டுகிறது. குடியுரிமைக்கான அறிவுத் தேர்விலேயே 20 கேள்விகளை வாசித்து 15-க்காவது சரியாக விடையளிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கும், சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்று பார்ப்பதற்கும், மருந்து எத்தனை வேளை என்று அறிவதற்கும் எழுத்தே துணை. வாசிக்கத் தெரியாதவர், தம் உரிமையை அறிவதற்கும் அந்நியரையே நம்பியிருக்க நேர்கிறது. வீட்டிலோ, பிள்ளைகள் பெற்றோருக்காகப் பேசி, வாசித்து, முடிவும் செய்யத் தொடங்கிவிடுவதால், தாய் தந்தையருக்குரிய ஸ்தானமே நிலைகுலைகிறது.

ஆங்கிலம் கற்பதற்காகத் தாய்மொழியை வீட்டிலும் விலக்கிவிட வேண்டும் என்று சிலர் உபதேசம் செய்வதுண்டு. அது முற்றிலும் தவறான அபிப்பிராயம். தாய்மொழியில் ஆழ்ந்து சிந்திக்கவும் வாசிக்கவும் வல்லவருக்கே இரண்டாம் மொழி உறுதியாக வேரூன்றுகிறது. ஒரு கடினமான கருத்தை வகுப்பில் தம் மொழி பேசும் பக்கத்து மாணவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது, காலத்தை மிச்சப்படுத்துவதோடு மனத்திலுள்ள அச்சத்தையும் போக்குகிறது.

அரசாங்கத் திட்டங்களுக்கு எல்லை உண்டு. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருப்போருக்கும், பிரஜைகளாகிவிட்டவர்களுக்கும் லிங்க் வகுப்பில் இடமில்லை. மாகாணத்தின் வேறு வகுப்புகளையே அவர்கள் நாட வேண்டும். எனவே, சமூகத்தின் பங்கும் இதில் இன்றியமையாதது. டொரன்டோ நகரப் பொது நூலகங்களில் ஆங்கில உரையாடல் குழுக்கள் கூடுகின்றன. அங்கே இலக்கண விதிகளைக் கற்றுத் தரும் பண்டிதரைவிட, பொறுமையோடு காது கொடுத்து, தடுமாறும் வாக்கியத்தை இடையில் பிடுங்கிக்கொள்ளாமல் முடிக்கவிடும் அன்பரே அதிகம் பயன்படுகிறார். முன்பு வந்து, கற்று, நிலைபெற்றுவிட்ட தமிழர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைப் புதிதாக வந்த ஒருவருக்கென ஒதுக்கினால், அவர் சிந்தும் பிழையான வாக்கியங்களுக்குப் பின்னால் நிற்கும் முழு மனிதரை அறியும் பேறும் அவர்களுக்குக் கிட்டும். கல்விக்கு வயது தடையில்லை என்று வாயால் சொல்வது எளிது. வயது வந்தவருக்கு வேண்டிய காலத்தையும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதியையும், தகுந்த ஆசிரியரையும், எல்லாவற்றிற்கும் மேலாக மரியாதையையும் கொடுக்கிற சமூகமே அதை மெய்யென்று நம்புகிற சமூகமாகும்.