முட்டியில் நிற்காத பிளாஸ்திரி! பசை மேல் பழி போடாதீர்கள்!

செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு ஏறியிருக்கிறீர்களா? சுமார் 800 அடி உயரம். அடிவாரத்தில் வீறாப்பாகக் கிளம்புவார்கள். பாதி வழியில் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்து விடும்!

உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை 2025-ல் இந்தக் கோட்டைக்குக் கிடைத்தது. பெருமை வந்தாலும் பாறை பாறைதானே? விழுந்தால் முட்டி தேயத்தான் செய்யும்.

அப்படி விழுந்தான் ஒரு பையன். அப்பா பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து ஒட்டினார். பத்துப் படி ஏறவில்லை, பிளாஸ்திரி ஒரு பக்கம் தொங்கியது. இன்னொன்று ஒட்டினார். அதுவும் போச்சு!

"எல்லாம் டூப்ளிகேட்டுங்க. பசையே இல்லை" என்று அலுத்துக் கொண்டார்.

பாவம் பசை! தப்பு அதன் மேல் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். காலை நீட்டினால் முட்டி மேல் தோல் சுருங்கித் தளர்ந்திருக்கும். மடக்கினால் விறைத்துக் கொள்ளும். தோல் நீளுகிறது, பிளாஸ்திரி நீளவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஓர் இழுப்பு. எத்தனை இழுப்பைத்தான் தாங்கும்?

கத்தரிக்கோல் வித்தை

கட்டுப் போட்டுப் பழகியவர்கள் காலை நீட்டி வைத்து ஒட்ட மாட்டார்கள். முட்டியைக் கொஞ்சம் மடக்கச் சொல்லி ஒட்டுவார்கள். அகலமான பிளாஸ்திரியின் இரண்டு முனையையும் நடுவில் கிழித்து நான்கு வால் ஆக்கி, இரண்டை முட்டிச் சில்லுக்கு மேலேயும் இரண்டைக் கீழேயும் ஓட விடுவார்கள். மூலைகளை வட்டமாக வெட்டி விடுவதும் உண்டு. கூர் மூலைதான் முதலில் கிளம்பும்!

விரல் நுனிக்கு உடுக்கை மாதிரி இடை சிறுத்த துண்டு. துணிக் கட்டு என்றால் முட்டிக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, எட்டு போடுகிற மாதிரி. இறுக்கிக் கட்டி விடாதீர்கள். பாதம் மரத்தாலோ, விரல் நீலம் பாய்ந்தாலோ உடனே தளர்த்துங்கள்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பொறியாளர்கள் 2018-ல் செய்ததும் கத்தரிக்கோல் வித்தையின் தம்பிதான்! மெல்லிய ஒட்டுப் படலத்தில் வரிசை வரிசையாகக் கீறல் போட்டார்கள். திருவிழாவுக்கு வண்ணக் காகிதத்தை வெட்டி இழுத்தால் வலை மாதிரி விரியுமே, அதே கதை. முட்டி மடங்கும்போது நடுவிலுள்ள கீறல்கள் திறந்து கொண்டன. ஓரம் பிடி விடவில்லை.

வலிக்காத புண்

முட்டிச் சிராய்ப்பு தானே ஆறிவிடும். விஷயம் பாதத்தில் இருக்கிறது.

கோட்டையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தபோது, நெல் மார்க்கெட் பக்கம் ஒரு பெரியவரைப் பார்த்தோம். சர்க்கரைக்காரர். உள்ளங்காலில் துணிக் கட்டு. கட்டோடு விறுவிறு என்று நடந்தார்.

"வலிக்கலையா ஐயா?"

"துளிகூட வலி இல்லை தம்பி. மூணு மாசமா மருந்து வச்சுக் கட்டறேன். ஆறத்தான் மாட்டேங்குது."

வலி இல்லாததுதான் ஆபத்தே! இதைக் கண்டு சொன்னவர் நமக்குப் பக்கத்தில், வேலூரில் வேலை பார்த்தவர். டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்த வெள்ளைக்காரர். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதப் புண் நோயினால் அழுகுகிறது என்று பலரும் நம்பிய காலம். அவர் இல்லை என்றார். உணர்ச்சி போன காலால் புண் மேலேயே நடக்கிறார்கள், மிதிபட்டு மிதிபட்டுத்தான் ஆறவில்லை என்றார்.

மருந்தை மாற்றி என்ன பிரயோசனம்? பாதத்தின் மேடு பள்ளத்தோடு படிகிற மாதிரி, முழங்காலுக்குக் கீழ் வரை மாவுக்கட்டு போட்டார். உடம்புப் பாரம் புண் மேல் மட்டும் விழாமல் பாதம் முழுக்கப் பரவியது. வருஷக்கணக்கில் ஆறாத புண்கள் கட்டுக்குள்ளேயே மூடின. மாவுக்கட்டை இந்தியாவிலும் இலங்கையிலும் முன்பே சிலர் செய்து பார்த்ததுண்டு. அதைச் செப்பனிட்டு அமெரிக்கா வரை கொண்டு போனவர் இவர். 1966-ல் லூசியானா மாநிலம் கார்வில் போனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது. இன்று இதற்கு 'டோட்டல் காண்டாக்ட் காஸ்ட்' என்று பெயர்.

எல்லாப் புண்ணுக்கும் இது ஆகாது. சீழ் பிடித்திருந்தால், ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் வேறு வைத்தியம். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் செய்கிற காரியமல்ல!

புண் ஆறிய பிறகு எம்.சி.ஆர். செருப்பு. அடியில் மெத்தென்ற ரப்பர். அதுவும் தொழுநோயாளிகளின் காலுக்காக வந்ததுதான். தினம் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதும் அவசியம்.

இத்தனையும் பெரியவரிடம் சொன்னோம்.

"அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன் தம்பி" என்றார்.

செருப்பைக் கழற்றிக் காட்டச் சொன்னோம். அடிப்பாகத்தில் ஒரு சின்ன ஆணி, உள்ளே எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது.

"அட, இது எப்ப ஏறிச்சு?" என்றார்.